இணைய வரைபடத்திலிருந்து வாடிக்கையாளர் பட்டியல்: திருகோணமலையில் ஒரு குளிரூட்டிப் பட்டறைக்காகச் செய்த வேலை

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி வரை நீளும் கரையோரத்தில் ஏசி, குளிர்சாதனப் பெட்டி, ஆழ்குளிர்ப்பெட்டி ஆகியவற்றை நம்பித் தொழில் நடத்துபவர்கள் யார், அவர்களில் எவர் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றுக்கு இணங்கக்கூடியவர் என்று அறிவதற்காக, இணைய வரைபடங்களில் உள்ள தொழில் நிலையத் தரவுகளைத் திரட்டிப் பட்டியலாக்கும் வேலையைக் கடந்த மழைக்காலத்தில் எடுத்துக்கொண்டேன். அதை வேண்டியவர் என் அத்தான். அவர் நகரில் குளிரூட்டிச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறார். சித்திரைக்குப் பின் பயணிகள் வரத் தொடங்கியதும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள விடுதிக்காரர்கள் ஒரே நேரத்தில் அவரை அழைப்பார்கள். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கியபின் பட்டறையில் வேலை குறைந்துவிடும். அறைகள் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களிலேயே சாதனங்களைக் கழற்றிக் கழுவிச் சரிபார்த்துவிட்டால் இரு தரப்புக்கும் நன்மை என்பது அவருடைய எண்ணம். அதற்கு யாரைப் போய்க் கேட்பது என்பது மட்டுமே தெளிவாகாமல் இருந்தது.

இத்தகைய பட்டியல்களை ஆயத்தமாகவே விற்பவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். ஒருவரிடம் மாதிரி கேட்டு வாங்கிப் பார்த்தோம். பெயர், தொலைபேசி எண், நட்சத்திர மதிப்பீடு என்று நிரல்கள் நிறைந்திருந்தன. அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது, எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது, அதை வைத்திருக்கும் உரிமை எங்களுக்கு உண்டா என்பவற்றைச் சொல்ல ஒரு நிரல்கூட இல்லை. நான் செய்யவேண்டிய பட்டியலின் அடிப்படையை அந்த மாதிரியே தீர்மானித்தது. ஒவ்வொரு வரியும் தன் மூலத்தையும், அந்த மூலத்தின் உரிமத்தையும், கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட திகதியையும் கூடவே கொண்டிருக்க வேண்டும் என்று விதித்துக்கொண்டேன். பின்னர் எழுந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்று நிரல்களும் இருந்தமையாலேயே தீர்ந்தன.

தரவைத் தொடுவதற்கு முன்பே அத்தானுடன் அமர்ந்து, எந்த வகை நிலையத்தில் எந்தச் சாதனம் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். விடுதிகளில் ஏசி இருக்கும். கடலுணவு சமைக்கும் உணவகங்களில் ஆழ்குளிர்ப்பெட்டி இருக்கும். மருந்தகங்களில் இன்சுலின் போன்றவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்கும் பெட்டி இருக்கும், அது நின்றுபோனால் மருந்து வீணாகக்கூடும் என்பதால் அவர்கள் பராமரிப்புக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை. வெதுப்பகங்களிலும் குளிர்பானக் கடைகளிலும் கண்ணாடிக் காட்சிப்பெட்டிகள் இருக்கும். வங்கிகளையும் பெரிய பல்பொருள் அங்காடிகளையும் தொடக்கத்திலேயே விலக்கினோம். அங்கே ஏசிகள் நிறைய இருந்தாலும் அவற்றை யார் பராமரிப்பது என்பது பெரும்பாலும் கொழும்பிலுள்ள தலைமையகத்தில் முடிவாகிறது. இந்த ஒரு தாள் இருந்ததனால், வரைபடத்தில் கிடைப்பதையெல்லாம் வாரிச் சேர்த்துப் பின்னர் கழிக்கும் வேலை மிஞ்சவில்லை.

மூலத்தைத் தெரிவு செய்வதில்தான் அதிகமாக யோசிக்க வேண்டியிருந்தது. நம் ஊர்க் கடைகளைத் தேடுபவர் எவரும் முதலில் திறப்பது கூகுள் வரைபடத்தைத்தான். அங்கே தேடல் முடிவுகளை அப்படியே உறிஞ்சி எக்செல் கோப்பாக்கித் தரும் உலாவி நீட்சிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்நிறுவனத்தின் வரைபடச் சேவை விதிகள், தொழில் நிலையங்களின் பெயர்களையும் முகவரிகளையும் பயனர் கருத்துரைகளையும் படியெடுத்துச் சேமிப்பதை வெளிப்படையாகவே தடுக்கின்றன. முறைப்படி கட்டணம் செலுத்திப் மென்பொருள் மூலம் இடத் தரவைக் கேட்டுப் பெறும் பிளேசஸ் ஏபிஐ வழியாகச் சென்றாலும், இட அடையாள எண்ணைத்தான் காலவரையறையின்றி வைத்திருக்கலாம். அகலாங்கு, நெட்டாங்குகளைத் தற்காலிகமாகச் சேமிக்க 30 நாள்கள் வரையே அனுமதி உண்டு. சொற்தேடலில் ஒரு வினவலுக்கு அதிகபட்சம் 60 முடிவுகளே வரும். பல ஆண்டுகள் பேணவேண்டிய ஒரு வாடிக்கையாளர் பதிவேட்டை இந்த விதிகளின் மேல் கட்ட முடியாது. உறிஞ்சும் கருவிகளைப் பயன்படுத்துபவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அத்தானின் பெயரில் நடக்கும் தொழிலுக்கு விதியை மீறி எடுத்த பட்டியல் ஒன்றைக் கையளிக்க எனக்கு மனமில்லை. ஆகவே, ஐயமுள்ள ஓர் இடத்தை எல்லோரையும்போலத் திறந்து கண்ணால் பார்ப்பதற்கு மட்டுமே கூகுள் வரைபடத்தை வைத்துக்கொண்டேன். அங்கிருந்து எந்தத் தகவலும் பதிவேட்டுக்குள் செல்லவில்லை.

எஞ்சிய இரண்டு மூலங்களும் இந்த வேலைக்குப் போதுமானவையாக இருந்தன. முதலாவது, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் பிரித்தானியாவில் தொடங்கிய இத்திட்டத்தின் தரவுகள் 2012 செப்டெம்பர் முதல் ஓடிபிஎல் எனப்படும் திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் உள்ளன. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அதிலிருந்து உருவாக்கிய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். பட்டறைக்குள் மட்டும் பயன்படுத்தும் பட்டியலுக்கு அந்தக் கடைசிக் கட்டுப்பாடு எழுவதில்லை. இரண்டாவது ஓவர்ச்சர். அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டொம்டொம் ஆகியவை 2022 டிசெம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கிய, திறந்த வரைபடத் தரவுகளைத் தொகுத்து வெளியிடும் அமைப்பு அது. அதன் இடங்கள் தொகுப்பில் பெரும்பகுதி மெட்டாவிடமிருந்து வருவதால், முகநூல் பக்கம் வைத்திருக்கும் சிறு விடுதிகள் பல அதில் அகப்பட்டன. நம் பகுதியில் இணையத்தளம் இல்லாத தொழிலுக்கும் முகநூல் பக்கம் இருக்கிறது என்பதனால் இது பெரிய உதவி.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுப்பதற்கு ஓவர்பாஸ் டர்போ என்ற இணையக் கருவி போதும். ஒரு செவ்வக எல்லையைக் கொடுத்து, அதற்குள் குறித்த குறிச்சொற்களைத் தாங்கிய இடங்களைக் கேட்கலாம். நான் கொடுத்த எல்லை தெற்கே 8.53, மேற்கே 81.17, வடக்கே 8.72, கிழக்கே 81.26. ஓவர்பாஸில் இந்த எண்களைத் தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்ற இதே வரிசையில் தரவேண்டும். வேறு பல கருவிகள் மேற்கிலிருந்து தொடங்குவதால், ஒன்றிலிருந்து மற்றதற்கு எல்லையைப் படியெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சீனக்குடாவிலிருந்து புறாமலைத்தீவுக்கு எதிர்க்கரை வரை இந்தச் செவ்வகத்துக்குள் வந்துவிடும், அதன் கணிசமான பகுதி கடலாகவும் உள்துறைமுகமாகவும் இருப்பதால் வினவல் விரைவாகவே முடியும். கிண்ணியாவையும் சேர்க்க விரும்புபவர் தெற்கு எல்லையை 8.47 வரை இறக்கலாம்.

குறிச்சொற்களில் கடைகள் ‘ஷொப்’ என்பதன் கீழும், உணவகமும் மருந்தகமும் ‘அமெனிட்டி’ என்பதன் கீழும், தங்குமிடங்கள் ‘டூரிசம்’ என்பதன் கீழும் வருகின்றன. மூன்றையும் கேட்காவிட்டால் பட்டியலில் பெரிய இடைவெளி விழும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த வரைபடத்தில் சிறிய கடை பெரும்பாலும் ஒரு புள்ளியாக இருக்கும், பெரிய விடுதியோ கட்டடத்தின் அல்லது வளவின் வெளிக்கோடாக வரையப்பட்டிருக்கும். புள்ளிகளை மட்டும் கேட்கும் வினவல், நாற்பது அறைகள் உள்ள விடுதியை விட்டுவிட்டு அதன் வாசலில் உள்ள சிற்றுண்டிக் கடையைக் கொண்டுவந்து தரும். ஆகவே புள்ளி, கோடு, தொடர்பு ஆகிய மூன்று வகைகளையும் கேட்டு, வெளிக்கோடாக உள்ளவற்றுக்கு நடுப்புள்ளியைத் தரும்படி வினவலின் இறுதியில் குறிப்பிட வேண்டும். ஓவர்பாஸின் பொதுச் சேவையகத்தை நாளொன்றுக்கு 10,000 வினவல்களுக்கும் 1 கிகாபைட்டுக்கும் உட்பட்டுப் பயன்படுத்துமாறு அதை நடத்துபவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு மாவட்டத்தின் ஒரு மூலைக்கு அதில் மிகச் சிறு பங்கே செலவாகும்.

ஓவர்ச்சரின் கோப்புகள் உலகம் முழுவதற்குமானவை. அவற்றை முழுமையாக இறக்கத் தேவையில்லை. டக்டிபி என்ற இலவச மென்பொருள், தொலைவில் உள்ள கோப்பிலிருந்து நாம் தரும் எல்லைக்குள் அடங்கும் வரிகளை மட்டும் எடுத்துத் தருகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் அது உண்மையில் இருக்கக்கூடிய சாத்தியத்தை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாக ஓவர்ச்சர் தருகிறது. அந்த எண் குறைந்தவற்றை வெட்டிவிடுவது பொதுவான வழக்கம். நான் வெட்டாமல் தனித்தாளில் வைத்தேன். உப்புவெளியில் புதிதாகத் திறந்த சில விடுதிகள் அந்தத் தாளிலேயே இருந்தன. மறுபுறம், நகரின் நடுவே துல்லியமாக ஒரே அகலாங்கு நெட்டாங்கில் பல நிலையங்கள் குவிந்திருந்தன. இடத்தைக் குறிக்காமல் ஊரின் பெயரை மட்டும் கொடுத்த பக்கங்கள் இப்படி ஒரே புள்ளியில் விழுகின்றன என்று கொள்ளலாம். இத்தகைய புள்ளிகளைத் தேடிப் பிடித்து, இடம் அறியப்படாதது என்று குறித்துவைப்பது அவசியம். இல்லாவிட்டால் வீதியில் இறங்கும்போது ஒரே சந்தியைச் சுற்றிச்சுற்றி வர நேரும்.

இரண்டு கோப்புகளும் கைக்கு வந்தபின் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது. எக்செல்லில் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்த குறிகளாகத் தோன்றக்கூடும், 026 என்று தொடங்கும் நிலையான தொலைபேசி எண்களின் முன்பூச்சியமும் காணாமல் போகும். கோப்பைத் திறப்பதற்குப் பதிலாகத் தரவை உள்ளிடும் வழியில் சென்று, எழுத்துக்குறி முறையை யுடிஎஃப்-8 என்றும் தொலைபேசி நிரலை எண்ணாக அன்றி எழுத்தாகவும் தெரிவு செய்தால் இரண்டும் நேராகும்.

தொலைபேசி எண்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது இந்த வேலை முழுவதிலும் அதிகப் பயன் தந்த படி. இடைவெளி, அடைப்புக்குறி, சிறுகோடு அனைத்தையும் நீக்கி, 0 என்றோ 0094 என்றோ 94 என்றோ தொடங்குவதை எல்லாம் +94 என்று மாற்றி, அதன்பின் சரியாக ஒன்பது இலக்கங்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரே கட்டத்தில் அரைப்புள்ளியோ சாய்கோடோ இட்டு இரண்டு எண்கள் இருந்தால் பிரிக்க வேண்டும். அதன்பின் எண்ணே பல செய்திகளைச் சொல்லத் தொடங்குகிறது. 26 என்று தொடங்குவது இவ்வூர் நிலையான இணைப்பு. 7 என்று தொடங்குவது கைத்தொலைபேசி, அது பெரும்பாலும் உரிமையாளரிடமோ முகாமையாளரிடமோ இருக்கும். 11 என்று தொடங்கினால் அது கொழும்பு இணைப்பு. முன்பதிவோ நிர்வாகமோ அங்கே நடக்கிறது என்று கருதி, அத்தகைய நிலையங்களைப் பட்டியலின் பின்பகுதிக்குத் தள்ளினோம்.

பெயர்களில் எழும் சிக்கல் வேறு வகையானது. ஒரே கடை ஒரு மூலத்தில் ஆங்கிலத்திலும் மற்றதில் தமிழிலும் இருக்கிறது, சில வேளை சிங்களத்திலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது லக்சுமி என்ற பெயரைக்கூட நம்மவர் நான்கு ஐந்து விதமாக எழுதுகிறார்கள். ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருள் ஒத்த பெயர்களைக் கூட்டமாக்கிக் காட்டும். ஆனால் அதிலுள்ள ஒலிப்பு முறைகள் ஐரோப்பிய மொழிகளின் உச்சரிப்பை அடிப்படையாகக் கொண்டவை என்பதால் இவற்றை எப்போதும் ஒன்றாகக் காண்பதில்லை. நம் ஊர்ப் பெயர்களுக்கென ஒரு மாற்றுப் பட்டியலை நானே எழுதி, ஸ்டோர்ஸ், ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் போன்ற பொதுச் சொற்களை நீக்கியபின் ஒப்பிட்டேன். தமிழ் எழுத்திலேயே ஒளிந்திருக்கும் ஒரு பிணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்ரீ என்ற எழுத்தை யுனிகோடில் ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். கோணேசர் வீற்றிருக்கும் ஊரில் ஸ்ரீ என்று தொடங்கும் கடைகளுக்குக் குறைவில்லை என்பதால் இது சிறிய விடயமன்று. ஒகர, ஓகர உயிர்மெய்களில் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்பட்டிருந்தால் யுனிகோடின் இயல்பாக்க முறை அவற்றை ஒன்றாக்கிவிடும். ஸ்ரீயை அது தொடாது. அதற்குத் தனியாக ஒரு மாற்று விதி எழுதவேண்டும்.

வகைப்பாட்டிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. நம்மிடையே ஹோட்டல் என்று பலகை போட்டிருப்பது பல வேளைகளில் சாப்பாட்டுக்கடை. வரைபடத்தில் அதைச் சேர்த்தவர் பெயரைப் பார்த்துத் தங்குமிடம் என்று குறித்திருப்பார். அறைகளில் ஏசி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் அங்கே ஒரு குளிர்சாதனப் பெட்டிதான் இருக்கும். பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் உள்ள இத்தகைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றினோம்.

இரண்டு மூலங்களிலும் வரும் ஒரே இடத்தை ஒன்றாக்குவதற்குத் தொலைபேசி எண், தூரம், பெயர் ஆகிய மூன்றையும் பயன்படுத்தினேன். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அகலாங்கிலும் நெட்டாங்கிலும் ஒரு பாகை ஏறக்குறைய ஒரே நீளம், அதாவது 110 கிலோமீட்டர் அளவு. எனவே சிக்கலான சூத்திரம் இன்றியே, நான்காம் தசம இடத்தில் ஒன்று மாறினால் சுமார் 11 மீட்டர் என்று கணக்கிட்டுவிடலாம். ஐம்பது மீட்டருக்குள் இருந்து பெயரும் ஒத்தால் ஒன்றாக்கினேன். தொலைபேசி எண் மட்டும் ஒத்தால் ஒன்றாக்கவில்லை. ஒரே உரிமையாளர் அலஸ்தோட்டத்தில் ஒரு விடுதியும் உப்புவெளியில் ஓர் உணவகமும் வைத்து இரண்டுக்கும் ஒரே கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்திருப்பார். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை முடிவெடுப்பவர் அவர் ஒருவரே. ஆகையால் பதிவேட்டை இடங்கள் என்றும் உரிமையாளர்கள் என்றும் இரு தாள்களாகப் பிரித்து, எண்ணை இரண்டுக்கும் இடையிலான இணைப்பாக வைத்தேன். இதைச் செய்தபின் அத்தானுடைய பட்டியல் கணிசமாகச் சுருங்கியது. ஒருவரையே மூன்று இடங்களின் பெயரால் மூன்று முறை அழைத்துச் சலிப்பூட்டும் நிலையும் நீங்கியது.

யாரிடம் முதலில் செல்வது என்பதற்கு அத்தான் சொன்ன அளவுகோல் கடலிலிருந்து உள்ள தூரம். ஏசியின் வெளிப்புற அலகில் செம்புக் குழாய் மீது அலுமினியத் தகடுகள் செருகப்பட்டிருக்கின்றன. இரண்டு உலோகங்களும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, தகடுகள் பொடிந்து உதிர்கின்றன. கடற்கரையை ஒட்டியவற்றை உள்நாட்டில் இருப்பவற்றைவிட அடிக்கடி நன்னீரால் கழுவியே ஆகவேண்டும். கரைக்கோட்டையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்தே எடுத்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், தூரத்தை மீட்டரில் அளக்க உதவும் யுடிஎம் 44 வடக்கு ஆள்கூற்று முறைக்கு மாற்றி, ஒவ்வோர் இடத்துக்கும் மிக அருகிலுள்ள கரை எவ்வளவு தூரம் என்று கணித்தேன். நகரம் டச்சுக்குடாவுக்கும் உள்துறைமுகத்துக்கும் இடையில் கிடப்பதால் அங்கே ஏறத்தாழ எல்லா இடங்களுமே கடலுக்கு அருகில் என்றுதான் வந்தது. அத்தான் அதைப் பார்த்துவிட்டு, அலை உடையும் திறந்த கரையில்தான் உப்புத்துளி காற்றில் ஏறுகிறது என்றும், உள்துறைமுகத்தின் அமைதியான நீரை அதே கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் சொன்னார். அவர் சொன்னபடி துறைமுகப் பக்கத்துக் கரையை நீக்கிவிட்டு மீண்டும் கணித்தபோது, உவர்மலையும் உட்துறைமுக வீதியும் பின்னுக்குச் சென்று, உப்புவெளி முதல் நிலாவெளி வரையிலான கரை முன்னுக்கு வந்தது. இருபது ஆண்டுக்கு மேலாக அந்த அலகுகளைக் கழற்றியவரின் அனுபவத்தோடு அந்த வரிசை பொருந்தியது.

அடுத்தது வீதி. அச்சிட்ட பட்டியலுடனும் கைத்தொலைபேசியில் எவ்ரிடோர் என்ற செயலியுடனும் பட்டறையில் வேலை பழகும் தம்பி ஒருவரும் நானும் நிலாவெளி வீதியில் பகுதி பகுதியாகச் சென்றோம். இந்தச் செயலி நாம் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள கடைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து காட்டி, அங்கேயே திருத்தவும் சரிபார்த்த திகதியைக் குறிக்கவும் இடம் தருகிறது. முகவரிகளில் பல ‘நிலாவெளி வீதி, இத்தனையாம் கட்டை’ என்று மட்டும் இருந்ததனால் வரைபடப் புள்ளியே வழிகாட்டியாக அமைந்தது. எங்கள் நோக்கம் விற்பதன்று. இடம் இருக்கிறதா, பெயர்ப்பலகை என்ன சொல்கிறது, வெளிப்புற அலகுகள் எத்தனை கண்ணுக்குத் தெரிகின்றன என்று பார்த்துக் குறிப்பதே. வீதியிலிருந்து தெரியும் அலகுகளின் எண்ணிக்கை எந்த வரைபடத்திலும் கிடைக்காத தகவல், பட்டியலில் மிகப் பயனுள்ள நிரலும் அதுதான்.

பூட்டிக் கிடந்த விடுதிகள் பல. தரவுத் திரட்டுபவர்கள் பொதுவாக மூடப்பட்டவை என்று இவற்றைக் கழித்துவிடுவார்கள். திருகோணமலையில் மார்கழியில் பூட்டியிருக்கும் விடுதி, வைகாசியில் நிறைந்திருக்கும் விடுதியாக இருக்கலாம். வாயிலில் படலையைச் சீர்செய்துகொண்டிருந்த உரிமையாளர் ஒருவர், “அறை பூட்டிக் கிடக்கேக்கதான் எனக்கு வசதி தம்பி, ஆக்கள் நிற்கேக்க ஏசியைக் கழட்ட விடமாட்டன்” என்றார். அத்தான் எதிர்பார்த்ததும் அதுவே. ஆகவே, நிரந்தரமாக மூடப்பட்டது, பருவத்துக்கு மூடப்பட்டது என்ற இரு நிலைகளைப் பிரித்து எழுதினோம். பலகை கழற்றப்பட்டிருந்தால் முதலாவது. பலகை இருந்து வளவு கூட்டப்பட்டிருந்தால் இரண்டாவது. ஐயமிருந்தால் பக்கத்துக் கடையில் விசாரித்தோம்.

வரைபடம் காட்டாதவை எவை என்பதும் வீதியில்தான் தெரிந்தது. பயணிகளை எதிர்பார்க்கும் தொழில்கள் தங்களை வரைபடத்தில் இட்டுக்கொள்கின்றன. மீன் வாங்கி ஐசில் இட்டு வெளியூருக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகள் அப்படிச் செய்ய வேண்டிய தேவை இல்லை. அவர்களைத் தெரிந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் குளிர்ச் சாதனம் நின்றால் அதிகமாக இழப்பவர்கள் அவர்களே. மீன் சந்தையைச் சுற்றியும் கரையோர வாடிகளின் பக்கமும் நடந்து சேர்த்த வரிகள் எண்ணிக்கையில் குறைவு, ஆயினும் அத்தானுக்கு முதலில் ஒப்பந்தம் கிடைத்தது அவற்றிலிருந்துதான். இணையத்தில் திரட்டிய பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஊரின் வாடிக்கையாளர்களை மதிப்பிடுபவர்கள் இந்தப் பகுதியை முழுமையாகவே காணாமல் விடுகிறார்கள்.

தொடர்புகொள்ளும் முறையில் நாங்கள் மிகவும் கவனமாக இருந்தோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மின்னணு வழியில் விளம்பரச் செய்திகளை அனுப்புவதற்குப் பெறுபவரின் சம்மதத்தையும் விலகிக்கொள்ளும் வழியையும் வலியுறுத்துகிறது. சிறு விடுதியின் எண் என்று வரைபடத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் சொந்தக் கைத்தொலைபேசி எண். அது பொதுவெளியில் இருப்பதனால் அவருக்கு வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. மொத்தமாகச் செய்தி அனுப்பும் வழியை நாங்கள் பட்டியலிலிருந்தே அகற்றினோம். அத்தான் நேரில் சென்றார், அல்லது ஒரு முறை அழைத்துத் தன் பட்டறையின் பெயரைச் சொல்லி, எண் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சொல்லி, மழைக்காலப் பராமரிப்பைப் பற்றி வந்து பேசலாமா என்று கேட்டார். மூல நிரல் இருந்ததனால் எண் கிடைத்த இடத்தை அவரால் நேர்மையாகச் சொல்ல முடிந்தது. எங்கிருந்து எண் கிடைத்தது என்று தெளிவாகச் சொன்னபோது கேட்பவரின் குரல் தணிந்ததை நான் அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். உணவகங்களை மதியத்திலும், முஸ்லிம் வர்த்தகர்களின் நிலையங்களை வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையிலும் அழைக்கக்கூடாது என்பதையும் பட்டியலிலேயே ஒரு நிரலாக எழுதிவைத்தோம்.

வீதியில் நாங்களே கண்ட தகவல்களை, அதாவது பலகையில் உள்ள பெயர், அதன் தமிழ் வடிவம், திறந்திருக்கும் காலம் ஆகியவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்தோம். நிலாவெளிப் பக்கத்தில் பல இடங்களுக்கு ஆங்கிலப் பெயர் மட்டுமே இருந்தது. இப்போது தமிழிலும் தேடினால் கிடைக்கும். இதைச் செய்யும்போது வேறு வரைபடத்தில் பார்த்த எதையும் இதில் எழுதக்கூடாது என்பது அந்தச் சமூகத்தின் உறுதியான விதி. வீதியில் கண்டது எது, பிற மூலத்திலிருந்து வந்தது எது என்று வரிதோறும் தெரிந்ததால் அந்த விதியைக் காப்பது எளிதாயிற்று. ஏசி எண்ணிக்கை, உரிமையாளருடன் பேசியவை போன்ற பட்டறைக்குரிய குறிப்புகள் அங்கே செல்லவில்லை.

இனி ஆண்டுக்கு இரு முறை, பருவம் தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும், இரண்டு மூலங்களையும் மீண்டும் எடுத்துப் பழைய பதிவேட்டுடன் ஒப்பிடுவதாகத் திட்டம். அதற்காக இரு மூலங்களின் அடையாள எண்களையும் சேமித்திருக்கிறேன். ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் புள்ளியாக இருந்த விடுதியைப் பின்னர் ஒருவர் கட்டடமாக வரைந்தால் எண் மாறிவிடக்கூடும் என்பதால், எண் பொருந்தாதபோது தூரத்தையும் பெயரையும் வைத்து மறுபடி பொருத்தும் விதியும் இருக்கிறது. இனி அழைக்க வேண்டாம் என்று சொன்னவர்களின் வரிகளை வெறுமனே அழித்தால், அடுத்த முறை வரைபடத்திலிருந்து அவர்கள் புதியவர்களாகத் திரும்பி வந்துவிடுவார்கள். ஆகவே அவர்களுடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிட்டு, மூல அடையாள எண்ணையும் இடப்புள்ளியையும் மட்டும் தனித்தாளில் வைத்திருக்கிறோம். புதிய தரவு பதிவேட்டுக்குள் நுழையும் முன் அந்தத் தாளுடன் ஒப்பிடப்படுகிறது, பொருந்தும் வரிகள் அங்கேயே நின்றுவிடுகின்றன.